ஒரே தொட்டியில் வேட்டை மீன் குஞ்சுகள்: இலாபக் கணக்கும் சட்டக் கணக்கும்

மீன் வியாபாரம் என்றதும் எமது கரையோரப் பிரதேச மக்களுக்கு கரைவலையும், ஆழ்கடல் படகும், கருவாடும்தான் ஞாபகத்துக்கு வரும். சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை, நிந்தவூர் பகுதிகளில் கடந்த பல வருடங்களாக இன்னொரு மீன் வியாபாரமும் சத்தமில்லாமல் வளர்ந்து வந்திருக்கிறது. வீட்டு வரவேற்பறையிலும், ஹோட்டல்களிலும், புடவைக் கடைகளிலும் வைக்கப்படும் கண்ணாடித் தொட்டி மீன் வியாபாரமே அது. வீட்டோடு சேர்ந்த சிறியதொரு கடையில் இத்தொழிலைச் செய்து வருபவன் என்ற வகையில், இத்துறையில் கால் வைக்க எண்ணியிருக்கும் சிறு முதலீட்டாளர்களுக்கும் ஏற்கனவே ஈடுபட்டிருப்போருக்கும் சில விடயங்களை இங்கு எழுதுவது பயனளிக்கும் என நினைக்கிறேன்.

கப்பி, மொலி, தங்கமீன் போன்ற சாதுவான மீன்களை விற்று வருபவர்கள் ஒரு கட்டத்தில் அடுத்த படிக்குச் செல்ல ஆசைப்படுவது இயல்பானது. கப்பியில் கிடைக்கும் இலாபம் சில்லறைக் காசு. ஒஸ்கார், அரோவானா, பிளவர்ஹோன், கட்லா அளவுக்கு வளரும் கெளுத்தி வகைகள் என்று இளைஞர்கள் தேடி வரும் பெரிய வேட்டை மீன்களிலோ ஒரு மீனிலேயே ஆயிரக்கணக்கில் பார்க்கலாம். குஞ்சாக வாங்கி, மூன்று நான்கு மாதம் வளர்த்து விற்றால் விலை பல மடங்காகிறது. கேட்பதற்கு மிகவும் இலகுவான வியாபாரம். ஆனால் இதில் இறங்கிய பலர் முதல் வருடத்திலேயே தொட்டியை விற்றுவிட்டு ஒதுங்கியிருக்கிறார்கள். காரணம் இரண்டு. வேட்டை மீன் குஞ்சுகளை ஒன்றாக வைக்கும் முறை தெரியாமை முதலாவது. எந்த மீனை வைத்திருக்கலாம், எதை வைத்திருக்கக் கூடாது என்று தெரியாமை இரண்டாவது. 2025ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்த இரண்டாவது காரணம் பணத்தை மாத்திரமல்ல, ஆளையும் சிக்கலில் மாட்டிவிடக் கூடியதாக மாறியுள்ளது.

வாங்கும்போது இரண்டங்குலம்

வேட்டை மீன் என்பது வேறு மீனை, இறாலை, பூச்சியைப் பிடித்து உண்டு வாழும் மீன். இவற்றின் குஞ்சுகள் பார்ப்பதற்கு மிகவும் அழகானவை. ஆனால் குஞ்சின் அழகைப் பார்த்து விலை பேசும் வாடிக்கையாளருக்கு அது என்ன அளவுக்கு வளரும் என்று தெரியாது. விற்பவருக்கும் பல வேளைகளில் தெரிவதில்லை.

தென்னமெரிக்காவின் அமேசன் பகுதியைச் சேர்ந்த ஒஸ்கார் ஓர் அடி வரை வளரும். இரண்டு அங்குலக் குஞ்சு நல்ல உணவும் நல்ல தண்ணீரும் கிடைத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் நீளும். அதே அமேசனைச் சேர்ந்த வெள்ளி அரோவானா மூன்றடி வரை போகும். சிவப்பு வால் கெளுத்தி நான்கடியைத் தொடும். மேகொங் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்த, உடலில் வட்டப் புள்ளிகள் கொண்ட கத்தி மீன் மூன்றடியை எட்டும். வட அமெரிக்காவின் அலிகேட்டர் கார், முதலை போன்ற வாயுடன் எட்டடிக்கும் மேல் வளரக் கூடியது. இந்த மீன்கள் அனைத்தும் குஞ்சாக இருக்கும்போது ஒரு பொலித்தீன் பைக்குள் அடங்கிவிடும். இங்கேதான் ஏமாற்றம் ஆரம்பிக்கிறது.

ஆகவே கடையில் குஞ்சு மீன் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அதன் விலையை அல்ல, முழு வளர்ச்சியை. முழு வளர்ச்சி ஓர் அடிக்கு மேற்பட்ட மீனுக்கு எமது ஊரில் இடம் கொடுக்கக் கூடிய வீடுகள் எத்தனை? காணித் துண்டுகள் சிறியவை. வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. ஆறடித் தொட்டியை வைக்க வரவேற்பறை இல்லாதவருக்கு மூன்றடி மீனை விற்பது, கராஜ் இல்லாதவருக்கு லொறியை விற்பது போன்றதுதான்.

குஞ்சுகள் ஏன் ஒன்றையொன்று தின்கின்றன?

இதற்கான பதில் ஒரே வாக்கியம்: வாய்க்குள் போகக் கூடியது எதுவோ அது உணவு. வேட்டை மீனுக்குத் தன் கூடப்பிறந்தது என்ற பேதமில்லை. ஒரே தாயின் முட்டையிலிருந்து ஒரே நாளில் வெளிவந்த குஞ்சுகளிலும் சில வேகமாக வளரும், சில பின்தங்கும். முதல் வாரம் கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசம் மூன்றாவது வாரம் இரண்டு மடங்காகிவிடும். பெரியது முதலில் உணவைப் பிடிக்கிறது. அதனால் இன்னும் பெரிதாகிறது. பின்னர் சிறியதையே பிடிக்கிறது. அந்த ஒரு குஞ்சைத் தின்றதால் அது மேலும் பெருத்து, அடுத்ததற்குத் தயாராகிறது. இருபது குஞ்சு வாங்கியவர் ஒன்றரை மாதத்தில் எட்டை எண்ணிக்கொண்டு, விற்றவர் குறைத்துத் தந்துவிட்டார் என்று சந்தேகப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். குறைந்தவை அனைத்தும் மிச்சமிருந்த எட்டின் வயிற்றுக்குள்தான் போயிருந்தன.

இதைத் தடுப்பதற்கு மருந்தோ மந்திரமோ கிடையாது. சில ஒழுங்குகளைக் கடைப்பிடித்தால் போதுமானது.

முதலாவது, ஒரே அளவில் வாங்குதல். ஒன்றரை அங்குலமும் இரண்டரை அங்குலமும் கலந்த கூட்டத்தை, விலை குறைவு என்பதற்காக எடுக்கக் கூடாது. சிறியதற்குக் கொடுத்த பணம் பெரியதற்குத் தீனியாகும்.

இரண்டாவது, வாராவாரம் தரம் பிரித்தல். மரக்கறிக் கடையில் தக்காளியைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று பிரிப்பதைப் போலவே குஞ்சுகளையும் பிரிக்க வேண்டும். வசதியில்லாதவர்கள் ஒரே தொட்டியின் நடுவே துளையிட்ட பிளாஸ்டிக் தட்டியைச் செருகி இரு அறைகளாக்கலாம். தண்ணீரும் பில்டரும் பொதுவாக இருக்கும். மீன் மாத்திரம் பிரிந்திருக்கும்.

மூன்றாவது, உணவு நேரம். இரண்டங்குலக் குஞ்சுகளுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவைகள் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். காலையில் ஒரு தடவை அள்ளிக் கொட்டிவிட்டு கடைக்குப் போய் இரவு திரும்புபவரின் தொட்டியில் பகல் முழுவதும் பசித்த மீன்களே இருக்கும். பசித்த வேட்டை மீனுக்கு அருகிலுள்ள உணவு பக்கத்து மீன்தான்.

நான்காவது, மறைவிடம். பீலித் துண்டு, மண்சட்டி, கல், வேர்க்கட்டை போன்றவற்றைப் போட்டால் துரத்தப்படும் குஞ்சு கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொள்ளும். வெறும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓட இடமில்லாமல் தொடர்ந்து துரத்தப்படும் மீன் கடிபட்டுச் சாவதைவிடக் களைத்தே செத்துப்போகும்.

ஐந்தாவது, எண்ணிக்கை. இரண்டு ஒஸ்கார் குஞ்சுகளை மாத்திரம் ஒன்றாக வைத்தால் பலமானது மற்றதை விடாமல் அடிக்கும். ஆறு, எட்டு என்று கூட்டமாக வைக்கும்போது அடி பலருக்கும் பங்கிடப்படுவதால் ஒருவரும் சாவதில்லை. ஆனால் வளர வளர இடமும் அதற்கேற்றபடி பெருக வேண்டும். பிளவர்ஹோனுக்கு இந்த விதியும் பொருந்தாது. மலேசியாவில் 1990களில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட அந்த மீனை மூன்று அங்குலம் தாண்டிய பிறகு தனியே வைப்பதே நல்லது. ஒரு தொட்டிக்கு ஒன்று.

வேறு இனங்களைக் கலந்து வைப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேல்மட்டத்தில் நீந்தும் அரோவானா, நடுவில் நிற்கும் ஒஸ்கார், அடியில் கிடக்கும் கெளுத்தி என்று மூன்று மட்டத்து மீன்களையும் ஒரே அளவில் வைத்தால் மோதல் குறையும். ஆனால் கெளுத்தி இரவில் வேட்டையாடுவது. பகலில் சாதுவாகக் கிடந்ததைப் பார்த்து நம்பியவர் விடியற்காலையில் தொட்டியில் மீன் குறைவதைக் காண்பார்.

அரோவானா, விரால் இன மீன்கள் பாயக் கூடியவை. மூடி கட்டாயம். அதே நேரம் விரால் இனங்கள் மேலே வந்து காற்றைக் குடித்து மூச்சு விடுபவை என்பதால் தண்ணீருக்கும் மூடிக்கும் இடையே சில அங்குல இடைவெளி விட வேண்டும். விளிம்பு வரை நீரை நிரப்பி இறுக்கி மூடினால், மீனாக இருந்தும் மூச்சுத்திணறி இறந்துவிடும்.

தண்ணீர்தான் மூலதனம்

மீன் வியாபாரி விற்பது மீனை. வளர்ப்பது தண்ணீரை என்று சொல்வார்கள். அது மிகையல்ல. தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிட நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வரும் தொகையை 28.3 ஆல் பெருக்கினால் லீற்றர் கிடைக்கும். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமான தொட்டி 9 கன அடி. அதாவது சுமார் 255 லீற்றர். தண்ணீரின் பாரம் மாத்திரம் 255 கிலோ. மேல்மாடியிலோ பழைய பலகை மேசையிலோ வைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. முழுதாக வளர்ந்த ஓர் ஒஸ்காருக்கு இந்த அளவுத் தொட்டி தேவை. நான்கடித் தொட்டியில் பன்னிரண்டு பெரிய ஒஸ்கார் நீந்துவதைக் கடையில் காணும் வாடிக்கையாளர் வீட்டிலும் அப்படியே வைக்கலாம் என்று எண்ணுவார். அது விற்பனைக்காக சில நாள் வைக்கப்பட்ட தொட்டி என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

வேட்டை மீன்கள் புரதம் நிறைந்த உணவை உண்பதால் கழிவும் அதிகம். அந்தக் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. தெளிந்த தண்ணீரில்கூட அமோனியா மீனின் பூக்களை எரித்துவிடும். பில்டரின் ஸ்பொன்ஜில் குடியேறும் நல்ல பக்றீரியாக்கள் அதை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இந்த பக்றீரியாக்கள் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் எடுக்கும். இன்று தொட்டி வாங்கி, இன்றே தண்ணீர் நிரப்பி, இன்றே இருபது குஞ்சு விடுபவரின் மீன்கள் பத்து நாளில் சாவது இதனால்தான். அதைக் "கண்பட்டது" என்று சொல்வோரும் உள்ளனர். ஸ்பொன்ஜைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் அந்த பக்றீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மாற்றுவதும், புதிய குழாய் நீரை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் காற்றூட்டி வைத்த பின் விடுவதும் நல்ல பழக்கம். கடலுக்கு அண்மித்த வளவுகளில் கிணற்று நீர் சவராக இருப்பதும் உண்டு. அப்படியான நீரில் ஒஸ்கார், அரோவானா போன்ற நன்னீர் மீன்களைப் பழக்குவது பிரயோசனமற்ற பிரயாசை.

மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. நெருக்கமாகக் குஞ்சுகள் இருக்கும் தொட்டியில் காற்று நின்றால் சில மணித்தியாலங்களில் மாதக்கணக்கான முதலீடு மிதக்கத் தொடங்கும். பற்றரியில் இயங்கும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்றை வைத்திருப்பது, கடைக்குப் பூட்டுப் போடுவது போன்ற அவசியமான செலவு.

தீனியில் எமக்குள்ள வாய்ப்பு

கொழும்பு வியாபாரிக்கு இல்லாத ஒரு வசதி எமக்கு இருக்கிறது. கடற்கரை. கூனி இறாலும், சிறிய மீன்களும் மலிவாகக் கிடைக்கும் பிரதேசம் இது. இவற்றை நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு வேளைக்கும் தேவையான அளவில் பொதி செய்து குளிரூட்டியில் உறைய வைத்தால் தீனிச் செலவு பாதியாகக் குறையும். இதனுடன் பெல்லட் தீனியையும் கலந்து பழக்க வேண்டும். ஒரே வகை மீனை மாத்திரம் தொடர்ந்து கொடுப்பது விற்றமின் குறைபாட்டை உண்டாக்கும். மாட்டிறைச்சி, கோழிக் கழிவு போன்றவற்றின் கொழுப்பு மீனுக்குச் சமிபாடடையாது, தண்ணீரும் நாறும்.

உயிருள்ள சிறு மீன்களை விட்டு, வேட்டையாடுவதை வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பார்ப்பவர் சேருவர் என்பது உண்மை. அந்தச் சிறு மீனோடு வெண்புள்ளி நோயும் ஒட்டுண்ணியும் சேர்ந்து வரும் என்பதும் உண்மை. மேலும், ஓடும் மீனைப் பிடித்துப் பழகிய குஞ்சு பெல்லட்டைத் திரும்பிப் பார்க்காது. அப்படிப்பட்ட மீனை வாங்கிப் போன வாடிக்கையாளர் இரண்டு வாரத்தில் திரும்பி வந்து முறையிடுவார். குஞ்சிலேயே கைத்தீனிக்குப் பழகிய மீனுக்குத்தான் நல்ல விலை.

ஓர் உதாரணக் கணக்கு

பின்வரும் விலைகள் கணக்கை விளக்குவதற்காக மாத்திரம் எடுத்துக்கொள்ளப்பட்டவை. சந்தை விலையை அவரவர் விசாரித்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஒஸ்கார் குஞ்சு ஒன்று 200 ரூபா வீதம் 20 குஞ்சுகளுக்கு 4,000 ரூபா. மூன்று மாதத் தீனி 6,000 ரூபா. பம்பும் பில்டரும் சேர்ந்து 30 வாற் எடுத்தால் நாளொன்றுக்கு 0.72 யூனிட், 90 நாளைக்கு ஏறத்தாழ 65 யூனிட். யூனிட் 30 ரூபா என்றால் சுமார் 1,950 ரூபா. மருந்து, உப்பு, பை போன்றவற்றுக்கு 1,050 ரூபா. மொத்தம் 13,000 ரூபா. மூன்று மாதத்தின் பின் ஒரு மீன் 1,000 ரூபாவுக்குப் போகிறது என்று வைப்போம்.

தரம் பிரித்து, நேரத்துக்குத் தீனி போட்டு, 18 மீன்களைக் காப்பாற்றியவருக்கு 18,000 ரூபா. இலாபம் 5,000. கவனிக்காமல் விட்டு 12 மீனோடு நிற்பவருக்கு 12,000 ரூபா. நட்டம் 1,000. இரண்டு பேரும் ஒரே விலைக்கு வாங்கி ஒரே விலைக்கு விற்றவர்கள்தான். இடையில் ஆறு மீன் யார் வயிற்றுக்குப் போனது என்பதே இலாபத்துக்கும் நட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். பதின்மூன்றாவது மீனை விற்கும்வரை எமது முதலே திரும்பவில்லை என்பதையும் கவனியுங்கள். இதில் தொட்டியின் விலையும் எமது உழைப்பும் சேர்க்கப்படவில்லை. நான்காம் மாதத்தில் மீனுக்குத் தொட்டி போதாது; தீனி இரட்டிப்பாகும். எனவே விற்காமல் "இன்னும் வளரட்டும், இன்னும் விலை வரும்" என்று வைத்திருப்பது பெரும்பாலும் கையைக் கடிக்கும்.

2025இல் வந்த தடை

இனி சட்ட விடயத்துக்கு வருவோம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் 2025ஆம் ஆண்டு வெளியான வர்த்தமானி அறிவித்தலின் மூலம் நான்கு வகை உயிருள்ள வெளிநாட்டு மீன்கள் தடை செய்யப்பட்டன. பிரானா, கத்தி மீன், அலிகேட்டர் கார், ரெட்லைன் எனப்படும் பெரிய விரால் ஆகியவையே அவை. இவற்றை வைத்திருப்பதும், கொண்டு செல்வதும், வாங்குவதும், விற்பதும், இனப்பெருக்கம் செய்வதும் தடைக்குள் அடங்கும். "நான் இறக்குமதி செய்யவில்லை, உள்ளூரில் ஒருவரிடம்தான் வாங்கினேன்" என்பது பதிலாகாது.

இந்த நான்கிலும் எமது கடைகளுக்கு அதிகம் ஆபத்தானது ரெட்லைன்தான். ஏனெனில் குஞ்சாக இருக்கும்போது அது அவ்வளவு அழகு. செம்மஞ்சள் நிறமும் கறுப்புக் கோடுகளுமாக, கூட்டம் கூட்டமாக நீந்தும். ஒரே தொட்டியில் நூறு குஞ்சுகளை விட்டாலும் ஆரம்பத்தில் ஒற்றுமையாகத் திரியும். எமது வட்டைகளிலும் குளங்களிலும் நாட்டு விராலின் சிவந்த குஞ்சுகள் தாயின் காவலில் திரளாக மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வளர்ந்ததும் சிவப்பு மறைந்து கருநீலமாகிவிடும். நீளம் ஒரு மீற்றரைத் தாண்டும். நிறை 20 கிலோ வரை போகும். நாட்டு விராலுடன் ஒப்பிட முடியாத பசி. தென்கிழக்காசிய நாடுகளைச் சேர்ந்த இந்த மீன் குருநாகல் மாவட்டத்தின் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் பெருகி, அங்குள்ள மீனவர்களின் அறுவடையைப் பாதித்தது. இதனைப் பிடித்துக் குறைப்பதற்காக 2025 செப்டெம்பரில் தூண்டில் போட்டிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அலங்கார மீனாகக் கொண்டுவரப்பட்டு, தொட்டிக்குள் அடங்காமல் போனபோது யாரோ கொண்டுபோய் விட்டதனாலேயே இது அங்கு வந்தது என நம்பப்படுகிறது.

பெயர் விடயத்தில் ஒரு குழப்பத்தையும் இங்கு தீர்த்துவிட வேண்டும். மொத்த வியாபாரிகளின் விலைப்பட்டியலில் "ரெட்லைன் டோர்பிடோ" என்ற பெயரில் இன்னொரு மீன் இருக்கிறது. அது கேரளாவின் மலையோடைகளைச் சேர்ந்த, அரை அடிக்குள் நின்றுவிடும் சாதுவான கெண்டை இனம். "மிஸ் கேரளா" என்றும் சொல்வார்கள். அதற்கும் தடை செய்யப்பட்ட விராலுக்கும் சம்பந்தமில்லை. பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் ஓடர் கொடுக்கும்போது "விராலா, கெண்டையா" என்று கேட்டு, முடிந்தால் படத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். பற்றுச்சீட்டில் மீனின் பெயரை எழுதி வாங்குங்கள்.

தோணாவில் விட்டால் என்ன?

ஒரு நாள் எமது ஊர்ப் பெரியவர் ஒருவர், பேரப்பிள்ளைகள் வளர்த்த மீன் பெருத்துவிட்டதென்று கடைக்கு வந்தார். "மகன், ஒரு உசிரக் கொல்ல மனசு வரல்ல. தோணாவுக்குள்ள உட்டுட்டா அது பாட்டுக்குப் பொழச்சிக்கும்தானே?" என்றார். "அதுதான் காக்கா பிரச்சினை, அது நல்லாப் பொழச்சிக்கும்" என்றேன். அவர் கேட்டது இரக்கத்தினால். உலகம் முழுவதும் இந்த அழிவு இரக்கத்தினால்தான் நடந்திருக்கிறது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் குரொப்டன் என்ற ஊரிலுள்ள ஒரு குளத்தில் 2002ஆம் ஆண்டு விரால் இன மீனொன்று தூண்டிலில் சிக்கியது. சூப் வைப்பதற்காக உயிருடன் வாங்கி, பின்னர் தொட்டியில் வளர்த்து, பெருத்ததும் குளத்தில் விடப்பட்ட இரண்டு மீன்கள்தான் மூலம் என்று விசாரணையில் தெரியவந்தது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் உண்டாகியிருந்தன. குளத்துக்கு நஞ்சிட்டு எல்லா மீனையும் கொல்ல வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் விரால் இனங்களின் இறக்குமதியை அமெரிக்க மத்திய அரசு தடை செய்தது. 2018 கேரள வெள்ளத்தின் பின்னர் அங்குள்ள ஆறுகளில் அரபைமா, அலிகேட்டர் கார் போன்ற மீன்கள் வலையில் அகப்பட்டன. எவரும் வேண்டுமென்று விடாமலே, வளர்ப்பு இடங்களிலிருந்து வெள்ளம் கொண்டுபோனவை அவை.

எமது பிரதேசத்துக்கு இந்தப் பாடம் மிக நெருக்கமானது. மாரி மழைக்குக் கரைவாகு வட்டையும் தோணாவும் வீதியும் ஒரே நீர்ப்பரப்பாகும் ஊர் இது. முற்றத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி வேட்டை மீன் வளர்ப்பவர், நவம்பரில் ஓரிரவு மழையில் தன் மீன்களை வட்டைக்கே பறிகொடுக்கலாம். வட்டை வாய்க்கால்களோ கல்லோயா நீர்ப்பாசனத்தோடு தொடர்புடையவை. சேனநாயக்க சமுத்திரத்தையும் அம்பாறை மாவட்டக் குளங்களையும் நம்பி எத்தனையோ நன்னீர் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுக்காக இங்கினியாகலையில் உள்ள நெக்டாவின் நிலையத்தில் மீன் குஞ்சுகள் உற்பத்தி செய்யப்பட்டுக் குளங்களில் விடப்படுகின்றன. அந்தக் குஞ்சுகளுக்கு நடுவே பத்துச் சோடி வெளிநாட்டு வேட்டை மீன் போய்ச் சேர்ந்தால் அரசாங்கப் பணமும் மீனவரின் உழைப்பும் யாருக்குத் தீனியாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சந்தையில் நாம் வாங்கும் நாட்டு விராலும் அதோடு அருகிவிடும்.

வியாபாரிகள் செய்ய வேண்டியவை

இத்துறையை விட்டுவிடுங்கள் என்பது எனது ஆலோசனை அல்ல. ஒழுங்காகச் செய்தால் வீட்டிலிருந்தே, பெண்களும் மேலதிக வருமானம் பெறக் கூடிய நல்ல தொழில் இது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, அதாவது நெக்டா, அலங்கார மீன் வளர்ப்பையும் ஊக்குவித்து வருகிறது. புதிதாகத் தொடங்குவோர் அதன் மாவட்ட அதிகாரிகளைச் சந்தித்து, எந்த மீனுக்கு அனுமதி, எதற்குத் தடை என்பதைக் கேட்டறிந்துவிட்டு முதலைப் போடுவது புத்திசாலித்தனம். தடைப்பட்டியல் எதிர்காலத்தில் நீளவும் கூடும்.

நான் கடையில் கடைப்பிடித்து வரும் சில ஒழுங்குகளை மற்றவர்களும் முயன்று பார்க்கலாம். ஒவ்வொரு தொட்டியிலும் விலையோடு அந்த மீனின் முழு வளர்ச்சியையும் தேவையான தொட்டி அளவையும் எழுதி ஒட்டுகிறேன். இதைப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சிறிய மீனை வாங்க மீண்டும் வருகிறார்கள். வேட்டை மீன் கேட்பவரிடம் முதலில் தொட்டியின் நீள அகலத்தைக் கேட்கிறேன். பெருத்துப்போன மீனைத் திருப்பிக் கொண்டுவந்தால் குறைந்த விலைக்கேனும் எடுத்துக்கொள்கிறேன். பெரிய தொட்டி வைத்திருக்கும் ஹோட்டல்காரர் எவரேனும் அதைத் தேடி வருவார். வாங்க ஆளில்லாவிட்டாலும், எனது வாடிக்கையாளர் அதைத் தோணாவில் விடவில்லை என்ற திருப்தியாவது மிஞ்சும். வைத்திருக்கவே முடியாத நோயாளி மீனை, சிறு பாத்திரத்துத் தண்ணீரில் கராம்பு எண்ணெய் கலந்து விட்டால் மயங்கி வேதனையின்றி இறந்துவிடும். வாய்க்காலில் விடுவதைவிட அதுவே பொறுப்பான வழி.

ஏற்கனவே தடை செய்யப்பட்ட நான்கில் ஏதேனும் தொட்டியில் இருந்தால், இரவோடிரவாக எங்கேனும் விட்டுவிட்டுக் கைகழுவ நினைக்க வேண்டாம். கடற்றொழில் திணைக்களத்துக்கு அறிவித்து, அவர்கள் சொல்லும்படி ஒப்படைப்பதே வழி. போட்ட பணம் போகும்தான். ஆனால் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொண்டு பெயரையும் கடையையும் இழப்பதைவிட அது மலிவு.

இன்னும் சில மாதங்களில் எவரேனும் ஒரு தரகர் சிவப்புக் குஞ்சுகள் நிரம்பிய பையோடு எமது கடை வாசல்களுக்கும் வரலாம். "பாதி விலை, ஒரு வாரத்தில் முடிந்துவிடும்" என்பார். அந்தப் பையை வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது என்ன இனம், எவ்வளவு வளரும், பற்றுச்சீட்டுத் தருவீர்களா? மூன்றுக்கும் நேரான பதில் இல்லையென்றால், பை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது எமக்குரிய சரக்கல்ல.